வைப்பாற்றங்கரைக்கு முதலில் வந்தவர் யார்?



இன்று ஓர் ஆற்றின் கதையையும், அந்த ஆற்றங்கரைக்கு வந்து குடியேறிய மக்களின் கதையையும் உங்களோடு பகிர்ந்துகொள்ள விரும்புகிறேன். இந்தக் கதையைத் தேடிப் படிக்க என்னைத் தூண்டியது ஒரு சாவு. அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

சில ஆண்டுகளுக்கு முன் கரிசல் காட்டில் உள்ள ஒரு பங்கில் நான் பணியாற்றி வந்தேன். ஊரின் பெயர் வேண்டாம். பக்கத்தில் ஒரு நூற்பாலை. அங்கே வேலை பார்த்த ஜார்க்கண்ட் மாநிலத்து இளைஞர் ஒருவர் காய்ச்சலில் படுத்து, ஐந்தாம் நாள் இறந்துபோனார். ஞாயிறு திருப்பலிக்கு நண்பர்கள் நாலைந்து பேரோடு வந்து, கடைசித் தூணுக்குப் பின்னால் நின்றுவிட்டுப் போகிற பையன். தமிழ் தெரியாது. ஆனால் முழந்தாளிட வேண்டிய நேரம் தெரியும். உடலைச் சொந்த ஊருக்குக் கொண்டுபோக அவர்களிடம் பணம் இல்லை. தொலைபேசியில் அவருடைய தகப்பனார் அழுதுகொண்டே ஏதோ சொன்னார். நண்பர் ஒருவர் தனக்குத் தெரிந்த தமிழில் எனக்குச் சொன்னார்: “சாமி, கோவில் பக்கத்துல வைக்கச் சொல்றாங்க.”

இரவோடு இரவாகப் பங்குப் பேரவை கூடியது. பெரியவர் ஒருவர், நல்ல மனிதர், கோவிலுக்காக ஓடியாடி உழைத்தவர், எழுந்து சொன்னார்: “சாமி, இந்தக் கல்லறைத் தோட்டம் எங்க பாட்டன் பூட்டன் வாங்கிப் போட்டது. நாங்கதான் இந்த ஊருக்கு மொதல்ல வந்தவுக. நேத்துப் பிழைக்க வந்தவனுக்கெல்லாம் இதுல எடம் குடுத்தா, நாளைக்கு எங்க புள்ளைகளுக்கு எங்க எடம்?”

இரண்டு மணி நேரம் பேசினோம். கடைசியில் வடக்கு மூலையில், சீமைக்கருவேல முள் மண்டிக் கிடந்த வேலியோரமாக, ஓர் இடம் தந்தார்கள். எல்லாக் கல்லறைகளும் இருக்கிற வரிசையில் தரவில்லை. நானும் சரி என்றேன். ‘எங்காவது ஓரிடம் கிடைத்ததே’ என்று அப்போது நினைத்தேன். அடக்கம் செய்துவிட்டு வீடு திரும்பிய பிறகுதான் அந்தச் சம்மதம் என்னை உறுத்தத் தொடங்கியது. பெரியவர் சொன்ன வார்த்தைக்கு எனக்குப் பதில் தெரியவில்லை. “நாங்கதான் மொதல்ல வந்தவுக.” உண்மைதானா? இந்த மண்ணுக்கு முதலில் வந்தவர் யார்? அன்று தொடங்கிய தேடலில் கிடைத்தவற்றைத்தான் இப்போது உங்கள் முன் வைக்கிறேன்.

கோவில்பட்டியிலிருந்து மதுரைக்குப் பேருந்தில் போகிறவர்கள் 20 கிலோமீட்டருக்குச் சற்றுக் கூடுதலாகப் போனதும் சாத்தூரில் ஒரு பாலத்தைக் கடப்பீர்கள். கீழே அகலமான மணல் படுகை. முள்மரம். பல மாதங்களுக்குச் சொட்டுத் தண்ணீர் இருக்காது. வெளியூர்க்காரர் யாராவது “இது என்ன இடம்?” என்று கேட்டால், “இதுதான் வைப்பாறு” என்று சொல்ல நமக்கே கொஞ்சம் கூச்சமாக இருக்கும். மேற்குத் தொடர்ச்சி மலையில், சிவகிரிப் பக்கம் பிறந்து, வெம்பக்கோட்டை, சாத்தூர், விளாத்திகுளம் வழியாக நூறு கிலோமீட்டருக்கும் மேல் நடந்து, வைப்பார் என்ற ஊருக்குப் பக்கத்தில் மன்னார் வளைகுடாவில் சேருகிற ஆறு இது. ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் சில நாள் கரை புரண்டு ஓடும். மற்ற நாளெல்லாம் மணலுக்கு அடியில் மறைந்து கிடக்கும். ஊற்றுத் தோண்டி, அகப்பையால் மொண்டு, குடத்தை நிரப்பிய தாய்மார்கள் இதைக் கேட்டுக்கொண்டிருந்தால் அவர்களுக்கு நான் சொல்வது புரியும்.

இரு கரையிலும் கரிசல் மண். மழையில் கால் வைத்தால் செருப்பைப் பிடுங்கிக்கொள்ளும். கோடையில் பாளம் பாளமாக வெடித்து, கை நுழைகிற அளவுக்கு வாய் பிளந்து நிற்கும். ஆண்டுக்கு 700 மில்லிமீட்டரை ஒட்டித்தான் இங்கே மழை. ஆனால் பெய்த மழையை இந்த மண் தனக்குள் பிடித்து வைத்துக்கொள்ளும். மழை நின்ற பிறகும் பருத்தியும் சோளமும் கம்பும் உளுந்தும் மல்லியும் அந்த ஈரத்தை நம்பி விளைந்துவிடும். தாமிரபரணிக் கரையைப் போல இது எளிதாகச் சோறு போடும் மண் இல்லை. இங்கே குடியேறியவர்கள் எல்லாருமே ஏதோ ஒரு நெருக்கடியில், அல்லது ஏதோ ஒரு நம்பிக்கையில் வந்தவர்கள்.

அப்படி வந்தவர்களில் மிகப் பழைய தடம் வெம்பக்கோட்டை அருகே கிடைத்திருக்கிறது. அங்கே விஜயகரிசல்குளத்தில், வைப்பாற்றின் கரையிலேயே ஒரு மண்மேடு. 2022 மார்ச் மாதம் தமிழ்நாடு தொல்லியல் துறை அங்கே அகழாய்வைத் தொடங்கியது. மூன்று கட்டங்களாக அது நடந்தது. மண்ணுக்குள்ளிருந்து சிறு கற்கருவிகள், சுடுமண் பொம்மைகள், விளையாட்டுச் சில்லுகள், கண்ணாடி மணிகள், நூல் நூற்கும் தக்களிகள், அறுத்து வளையலாக்கிய சங்குகள் எல்லாம் வெளியே வந்தன. திமில் உள்ள காளையைச் செதுக்கிய ஒரு சூதுபவளக் கல்லும் கிடைத்தது.

இவற்றில் இரண்டு பொருள்களை மட்டும் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். சங்கு, ஆறு போய்ச் சேருகிற மன்னார் வளைகுடாவின் கடல் விளைச்சல். யாரோ கடலில் மூழ்கி எடுத்து, யாரோ சுமந்து, உள்நாட்டுக்குக் கொண்டுவந்து, வெம்பக்கோட்டையில் யாரோ அதை அறுத்து வளையல் செய்திருக்கிறார்கள். சூதுபவளம் நம் கரிசலில் விளைகிற கல்லே இல்லை. குஜராத் பக்கம் கிடைப்பது. அப்படியென்றால், நம் கண்ணுக்குத் தெரிகிற மிகப் பழைய ஊரிலேயே வெளியூர்ப் பொருளும், அதைக் கொண்டுவந்த வெளியூர் ஆளும் இருந்திருக்கிறார்கள். கதவைச் சாத்திக்கொண்டு வாழ்ந்த ஓர் ஊர் இந்த ஆற்றங்கரையில் தொடக்கத்திலேயே இல்லை.

அடுத்து, கோவில்பட்டிக்கு மேற்கே ஏறத்தாழ 20 கிலோமீட்டரில் கழுகுமலை. வெட்டுவான் கோவிலைப் பார்க்கப் போகிறவர்கள் பக்கத்துப் பாறையில் வரிசை வரிசையாகச் செதுக்கிய சமணத் தீர்த்தங்கரர் உருவங்களையும் பார்த்திருப்பீர்கள். பாண்டியர் காலத்தவை. 8, 9ஆம் நூற்றாண்டுகளைச் சேர்ந்தவை. பல உருவங்களின் கீழே அதைச் செய்வித்தவர் பெயரும் அவருடைய ஊர்ப் பெயரும் வட்டெழுத்தில் வெட்டப்பட்டிருக்கின்றன. துறவிகள் இருக்கிறார்கள். குரத்தியார் என்று அழைக்கப்பட்ட பெண் ஆசிரியைகள் இருக்கிறார்கள். குயவர், தச்சர், கொல்லர் போன்ற உழைப்பாளிகளும் இருக்கிறார்கள். பற்பல ஊர்களிலிருந்து வந்தவர்கள் ஒரே பாறையில் தங்கள் பெயரையும் ஊரையும் எழுதிவிட்டுப் போயிருக்கிறார்கள். 1,100 ஆண்டுகளுக்கு மேலாக அந்தப் பெயர்கள் பக்கத்தில் பக்கத்தில் இருக்கின்றன. இவர் எங்கள் ஊர்க்காரர் இல்லையே என்று யாரும் எந்தப் பெயரையும் பாறையின் மூலைக்குத் தள்ளவில்லை.

பிறகு நாயக்கர் காலம். 1529 வாக்கில் விசுவநாத நாயக்கர் மதுரையில் ஆட்சியை நிலைநாட்டினார். நாடு 72 பாளையங்களாகப் பிரிக்கப்பட்டது என்பது நம் பள்ளிப் பாடம். அதற்கு முன்னும் பின்னுமாகப் பல தலைமுறைகளுக்குத் தெலுங்கு பேசும் குடும்பங்கள் வடக்கேயிருந்து தெற்கு நோக்கி நடந்து வந்தன. ஆற்றுப் பாசனமுள்ள வயல்வெளிகள் ஏற்கெனவே ஆள் நிறைந்து கிடந்தன. கரிசல் காட்டில்தான் இடம் இருந்தது. வந்தவர்களோ தங்கள் நாட்டிலேயே இதே கறுப்பு மண்ணை உழுது பழகியவர்கள். அங்கே அதற்கு ரேகடி என்று பெயர். ஆகவே மற்றவர்கள் ஒதுக்கிய மண்ணைப் பார்த்து அவர்கள் பயப்படவில்லை. காடு வெட்டினார்கள், கிணறு வெட்டினார்கள், பருத்தி போட்டார்கள். நாயக்கன்பட்டி, ரெட்டியபட்டி என்று முடிகிற நம் ஊர்ப் பெயர்கள் எல்லாம் அந்த நடைப்பயணத்தின் அடையாளங்கள்தாம். இன்றைக்கும் வீட்டுக்குள் தெலுங்கும் வாசலில் தமிழும் பேசுகிற குடும்பங்கள் நம் பக்கத்து வீட்டிலேயே இருக்கின்றன.

இடைசெவல் ஊர்க்காரரான எழுத்தாளர் கி. ராஜநாராயணன் 1976இல் வெளியிட்ட ‘கோபல்ல கிராமம்’ இந்தக் குடியேற்றத்தைப் பற்றிய நாவல்தான். பாட்டிமார் வாய்மொழியாகச் சொல்லிவந்த கதைகளை அவர் எழுத்தில் கொண்டுவந்தார். அதன் தொடர்ச்சியான ‘கோபல்லபுரத்து மக்கள்’ நாவலுக்கு 1991இல் சாகித்திய அகாதெமி விருது கிடைத்தது. ஓர் ஊர் பிறந்த கதையைச் சொல்ல வந்தவர், அந்த ஊர்க்காரர்கள் ஓடிவந்த கதையைத்தான் முதலில் சொல்ல வேண்டியிருந்தது. வீரபாண்டிய கட்டபொம்மனை 1799 அக்டோபர் 16 அன்று கயத்தாற்றில் தூக்கிலிட்டபோது, இந்த மண்ணுக்காக உயிர் கொடுத்தவர் என்று நாம் அவரைக் கொண்டாடினோம். அவருடைய முன்னோரும் தெலுங்கு நாட்டிலிருந்து வந்தவர்களே. மண்ணுக்காக உயிரைக் கொடுத்தவரைப் பார்த்து வந்தேறி என்று சொல்ல யாருக்கு நா எழும்?

நம் விசுவாசமும் இப்படி வெளியிலிருந்து நடந்து வந்ததுதான். ஆறு கடலில் சேருகிற இடத்தில் உள்ள வைப்பாரும், அதற்கு வடக்கே உள்ள வேம்பாரும் முத்துக்குளித்துறையின் பழம்பெரும் ஊர்கள். 1530களில் அந்தக் கடற்கரையில் பரதவர் மக்கள் திருமுழுக்குப் பெற்றார்கள். 1542இல் புனித பிரான்சிஸ் சவேரியார் முத்துக்குளித்துறைக்கு வந்தார். உள்நாட்டுக் கரிசலில் மதுரை மிஷனைச் சேர்ந்த இயேசு சபைக் குருக்கள் 17ஆம் நூற்றாண்டில் கால் வைத்தார்கள். கோவில்பட்டிக்கு அருகே பரலோக மாதா வீற்றிருக்கும் காமநாயக்கன்பட்டி அவர்களுடைய முக்கியமான பணித்தளமாக வளர்ந்தது.

அந்தக் காமநாயக்கன்பட்டியில் தம் பணியின் தொடக்க ஆண்டுகளில் தங்கியிருந்தவர்தான் வீரமாமுனிவர். 1680இல் இத்தாலியில் பிறந்தவர். 1710இல் கோவாவில் கரையிறங்கி, அடுத்த ஆண்டு தமிழ்நாட்டுக்கு வந்தவர். இந்த ஊருக்கு வந்தபோது அவர் எப்படி இருந்திருப்பார் என்று நினைத்துப் பாருங்கள். நிறம் வேறு, சாப்பாடு வேறு, பேச்சு புரியாது. நம்முடைய ஜார்க்கண்ட் பையனைப் போலத்தான். யாரோ ஒரு தாய் அவருக்குக் கம்மங்கூழ் ஊற்றிக் கொடுத்திருப்பாள். யாரோ ஒருவர் அவர் தப்பும் தவறுமாகப் பேசிய தமிழைத் திருத்தியிருப்பார். அப்படிக் கற்றுக்கொண்டவர் நமக்கு 3,615 பாடல்கள் கொண்ட தேம்பாவணியையும், சதுரகராதி என்னும் அகராதியையும் தந்தார். எகர ஏகாரத்தையும் ஒகர ஓகாரத்தையும் எழுத்தில் தெளிவாகப் பிரித்துக் காட்டியதும் அவர்தான். இன்று நம் பிள்ளைகள் சிலேட்டில் எழுதுகிற ‘ஏ’யிலும் ‘ஓ’விலும் அந்த அந்நியருடைய கைவண்ணம் இருக்கிறது. அவரை அன்று வேலியோரம் நிறுத்தியிருந்தால் நாம் எவ்வளவு இழந்திருப்போம்!

19ஆம் நூற்றாண்டில் மற்றுமோர் அலை வந்தது. தெற்கே பனங்காட்டுத் தேரி மண்ணிலிருந்து நாடார் வணிகர்கள் மாட்டுவண்டிகளில் கருப்பட்டியும் மற்றச் சரக்குகளும் ஏற்றிக்கொண்டு வடக்கே வந்தார்கள். வழியில் திருட்டுப் பயம். ஆகவே வண்டிகள் தங்கப் பேட்டைகள் கட்டினார்கள். அப்படி வணிகம் வளர்ந்த ஊர்களில் வைப்பாற்றங்கரைச் சாத்தூரும் ஒன்று. ஒவ்வொரு மூட்டைக்கும் இவ்வளவு என்று மகமை எடுத்து, அந்தப் பணத்தில் கிணறு வெட்டினார்கள், பள்ளிக்கூடம் கட்டினார்கள். ஆனால் அவர்களை வரவேற்றுப் பந்தல் போட்டார்கள் என்று நினைத்துவிடாதீர்கள். கோவிலுக்குள் நுழைகிற உரிமையைக் கேட்டதற்காக 1899இல் சிவகாசியில் வீடுகள் எரிந்தன, உயிர்கள் போயின. இன்றைக்கு அந்த ஊர்களின் வணிகத்தை அவர்கள் இல்லாமல் நினைத்துப் பார்க்க முடியுமா?

1860களில் அமெரிக்க உள்நாட்டுப் போரால் இங்கிலாந்து ஆலைகளுக்குப் பஞ்சு கிடைக்காமல் போனது. திருநெல்வேலிப் பருத்திக்குக் கிராக்கி ஏறியது. 1876இல் மதுரையிலிருந்து தூத்துக்குடிக்கு ரயில் ஓடத் தொடங்கியது. சாத்தூரும் கோவில்பட்டியும் ரயில் நின்று பஞ்சுப் பொதி ஏற்றுகிற ஊர்களாயின. 1901இல் கோவில்பட்டியில் அரசு வேளாண் ஆராய்ச்சி நிலையம் தொடங்கியது. பிறகு அரவை ஆலைகள், நூற்பாலைகள், தீப்பெட்டிக் கம்பெனிகள். தீப்பெட்டித் தொழில் எப்படி வந்தது என்று தெரியுமா? சிவகாசியைச் சேர்ந்த அய்ய நாடார், சண்முக நாடார் என்ற இருவர் 1922இல் கல்கத்தாவுக்குப் போய், அங்கே தங்கித் தொழிலைக் கற்றுத் திரும்பினார்கள். மொழி தெரியாத ஊரில் நம் ஆட்கள் இருவருக்கு யாரோ தொழில் சொல்லிக் கொடுத்தார்கள். அதனால்தான் கரிசல் காட்டில் மழை பொய்த்த ஆண்டுகளிலும் பல ஆயிரம் வீடுகளில் அடுப்பு எரிந்தது. இன்று அதே கிழக்குத் திசையிலிருந்து பிள்ளைகள் வேலை தேடி நம்மிடம் வருகிறார்கள்.

மக்கள் மட்டுமா, நம் தோட்டத்துச் செடிகளும் அப்படித்தான். கோவில்பட்டிக் கடலைமிட்டாய்க்கு 2020இல் புவிசார் குறியீடு கிடைத்தபோது நாம் எல்லாரும் மகிழ்ந்தோம். அந்த நிலக்கடலை தென் அமெரிக்காவில் பிறந்த பயிர். விளாத்திகுளம் பக்கம் களத்தில் சிவப்புக் கம்பளம் போலக் காய்கிறதே மிளகாய், அதுவும் அமெரிக்கக் கண்டத்திலிருந்து கப்பலேறி வந்ததுதான். சீமைக்கருவேலமும் அங்கிருந்துதானே வந்தது என்று நீங்கள் சிரித்துக்கொண்டே கேட்பது எனக்குக் கேட்கிறது. உண்மைதான். வந்ததெல்லாம் நன்மை என்று நான் சொல்லவில்லை. ஆனால் அந்த முள்மரத்தைக் கண்மாயிலும் ஆற்றுப் படுகையிலும் மண்ட விட்டது யார்? தூர்வாருவதை நாம் நிறுத்திய இடத்தில்தான் அது வளர்ந்தது.

சகோதர சகோதரிகளே, இதுவரை வந்தவர்களைப் பற்றிப் பேசினேன். இனி, போனவர்களைப் பற்றியும் கொஞ்சம் பேச வேண்டும். 1876 முதல் 1878 வரை தாது வருடப் பஞ்சம். அதற்கு முன்பும் பின்பும் இந்த வறண்ட பூமியிலிருந்து கூட்டம் கூட்டமாக மக்கள் இலங்கைக்குப் போனார்கள். முதலில் காப்பித் தோட்டம், பிறகு தேயிலைத் தோட்டம். மன்னாரில் இறங்கி மலைநாடு வரை காட்டு வழியே நடந்தார்கள். காலராவிலும் காய்ச்சலிலும் வழியிலேயே விழுந்தவர்கள் எத்தனையோ பேர். அவர்களுக்குக் கல்லறையும் இல்லை, வரிசையும் இல்லை. தப்பிப் பிழைத்தவர்கள் அந்த மலைகளைப் பச்சையாக்கினார்கள். 1948இல் இலங்கை சுதந்திரம் பெற்றதும் வந்த குடியுரிமைச் சட்டம் அவர்களில் பெரும்பாலோரை நாடற்றவர்களாக்கியது. 1964 அக்டோபரில் சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தம் கையெழுத்தானது. 5,25,000 பேரை இந்தியா ஏற்றுக்கொள்ளும், 3,00,000 பேருக்கு இலங்கை குடியுரிமை தரும் என்று கணக்குப் போட்டார்கள். மூன்று தலைமுறை அங்கே பிறந்து வளர்ந்தவர்கள் கப்பலேறி இங்கே வந்தார்கள். அங்கே அவர்களை இந்தியாக்காரர் என்றார்கள். இங்கே வந்ததும் நாம் என்ன சொன்னோம்? சிலோன்காரர் என்றோம்.

பேரவையில் அன்று பேசிய அந்தப் பெரியவரைப் பற்றி இப்போது ஒன்று சொல்கிறேன். அடக்கம் முடிந்து சில மாதம் கழித்து, அவர் வீட்டு விசேஷத்துக்குப் போயிருந்தேன். சுவரில் ஒரு பழைய படம். கோட்டுப் போட்ட ஒருவர். “யார் அய்யா இது?” என்று கேட்டேன். “எங்க தாத்தா, சாமி. கண்டிப் பக்கம் கங்காணிக்குக் கீழ வேலை பாத்தாக. அங்கேயே தவறிட்டாக.” “எங்கே அடக்கம் செய்தார்கள்?” என்று கேட்டேன். அவர் கொஞ்ச நேரம் ஒன்றும் சொல்லவில்லை. பிறகு, “அங்க இருந்த கோவில்லதான் வச்சாகளாம். யாரோ சிங்களக் குடும்பம் பக்கத்துல நின்னு பாத்துக்கிட்டாகளாம்” என்றார். நானும் மேற்கொண்டு ஒன்றும் கேட்கவில்லை. அவர் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

ஒரு வேதனையான உண்மையையும் நான் மறைக்கக் கூடாது. வெளியிலிருந்து வந்தவரை மட்டும் நாம் ஒதுக்கவில்லை. யாருக்கும் முன்பிருந்தே இந்தக் காட்டில் உழைத்து, கண்மாய் வெட்டி, கரை போட்ட மக்களையும் ஒதுக்கினோம். அவர்கள் வெட்டிய கிணற்றிலேயே அவர்கள் நீர் மொள்ளக் கூடாது என்றோம். கிறிஸ்தவர்களாகிய நாமே சில ஊர்களில் கல்லறைத் தோட்டத்தைச் சாதியால் பிரித்தோம். ஆகவே, முதலில் வந்தவருக்கே உரிமை என்று நாம் சொல்லும்போது அதை நாமே நம்பவில்லை. முதலில் இருந்தவருக்கும் இடம் தரவில்லை, பிறகு வந்தவருக்கும் இடம் தரவில்லை. இடம் தராமல் இருப்பதற்கு ஒவ்வொரு முறையும் ஒரு காரணம் கண்டுபிடித்தோம், அவ்வளவுதான். யாக்கோபின் கிணற்றருகே சமாரியப் பெண்ணிடம் ஆண்டவர் இயேசு தாமே தண்ணீர் கேட்டார். அந்தக் கிணற்றடியில் நாம் நின்றிருந்தால் அவருக்கும் ஏதாவது காரணம் சொல்லியிருப்போமோ என்று எனக்கு அச்சமாக இருக்கிறது.

தொடக்க நூலின் 23ஆம் அதிகாரத்தை இன்று வீட்டில் எடுத்து வாசித்துப் பாருங்கள். சாரா இறந்துபோகிறார். ஆபிரகாம் அந்நிய நாட்டில் இருக்கிறார். மனைவியைப் புதைக்க ஒரு சாண் நிலம் அவருக்குச் சொந்தமாக இல்லை. அவர் அந்த ஊர் மக்களாகிய இத்தியர்முன் எழுந்து நின்று, நான் உங்களிடையே வந்து தங்கியிருக்கும் அந்நியன், இறந்தவளை அடக்கம் செய்ய ஓர் இடம் தாருங்கள் என்று கேட்கிறார். அவர்கள் என்ன செய்தார்கள்? எங்கள் கல்லறைகளிலேயே சிறந்ததைத் தெரிந்துகொள்ளும், எங்களில் எவரும் மறுக்கமாட்டோம் என்றார்கள். ஆபிரகாம் இலவசமாக வாங்க மனமில்லாமல் 400 வெள்ளிக் காசு கொடுத்து மக்பேலா நிலத்தை வாங்கினார். அது வேறு விஷயம். ஆனால் உண்மைக் கடவுளை அறியாத அந்த மக்கள் வேலியோரத்தைக் காட்டவில்லை. இருப்பதிலேயே சிறந்ததைத் தரத் தயாராக இருந்தார்கள். நம் விசுவாசத்தின் தந்தையே ஒரு வந்தேறி. அவருக்கு இடம் தந்தவர்கள் வேற்று இனத்தார். இந்த அதிகாரத்தை எத்தனையோ முறை வாசித்திருக்கிறேன். அன்று பேரவையில் அது எனக்கு நினைவுக்கு வரவில்லை. அது என் குறை.

வைப்பாற்றின் கதையை எந்தப் பக்கம் புரட்டினாலும் முதல் ஆளை என்னால் கண்டுபிடிக்க முடியவில்லை. ஒவ்வொருவருக்கும் முன்னால் வேறு யாரோ இருந்திருக்கிறார்கள். தாகத்தோடு வந்தவருக்கு அவர்களில் யாரோ ஊற்றுத் தோண்டும் இடத்தைக் காட்டியிருக்கிறார்கள். காட்டியிருக்காவிட்டால் நாம் யாருமே இங்கே இல்லை. ‘யார் முதலில் வந்தார்?’ என்பதற்குப் பதிலாக, ‘நம் முன்னோருக்கு இங்கே தண்ணீர் கொடுத்தது யார்?’ என்று இனிக் கேட்டுப் பார்ப்போம்.

அதற்காக உங்களிடம் மூன்று காரியங்கள் கேட்கிறேன். இந்த வாரம் உங்கள் வீட்டிலுள்ள தாத்தா, பாட்டி, அப்பத்தா, அம்மாச்சி யாரிடமாவது உட்கார்ந்து, “நம்ம குடும்பம் இந்த ஊருக்கு எங்கிருந்து வந்தது? எதற்காக வந்தது?” என்று கேட்டு ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். அவர்கள் போய்விட்டால் அந்தக் கதையும் அவர்களோடு போய்விடும். இரண்டாவது, உங்கள் கோவிலில் கடைசித் தூணுக்குப் பின்னால் நிற்கிற வெளி மாநிலப் பிள்ளைகளிடம் அடுத்த ஞாயிறு போய்ப் பெயரைக் கேளுங்கள், ஊரைக் கேளுங்கள். மொழி தெரியாவிட்டாலும் பெயர் கேட்கத் தெரியும். முன் பெஞ்சில் வந்து உட்காரச் சொல்லுங்கள். மூன்றாவது, உங்கள் பங்கின் கல்லறைத் தோட்டத்தில் இடம் குறித்து என்ன வழக்கம் இருக்கிறது என்று பங்குப் பேரவையில் பேசுங்கள். ஒரு சாவு வந்து கதவைத் தட்டுவதற்கு முன்பே, மனம் அமைதியாக இருக்கும்போதே பேசி முடிவு செய்யுங்கள். எங்களைப் போல இரவு பத்து மணிக்கு, உடலை வெளியே வைத்துக்கொண்டு பேசாதீர்கள்.

அந்தப் பங்கிலிருந்து நான் மாறுதலாகி வந்துவிட்டேன். அந்த ஊர் மக்கள் யாராவது இப்போது இதைக் கேட்டுக்கொண்டிருக்கலாம். உங்களிடம் ஒரு வேண்டுகோள். நவம்பர் 2, இறந்த விசுவாசிகள் அனைவரின் நினைவு நாளன்று கல்லறைகளைச் சுத்தம் செய்து, பூ வைத்து, மெழுகுவர்த்தி ஏற்றுவீர்கள். வடக்கு மூலையில் வேலியோரம் ஒரு மண்மேடு இருக்கிறது. சிலுவையில் பெயரை நான்தான் தமிழில் எழுதச் சொன்னேன். மழையில் அது அழிந்திருக்கலாம். அந்த முள்ளை வெட்டிவிட்டு, அங்கேயும் ஒரு மெழுகுவர்த்தி ஏற்றுங்கள். அவனுடைய தகப்பனாரால் அவ்வளவு தூரம் வர முடியாது.

அந்நியராய் வந்த நம் முன்னோரைக் கைவிடாத இறைவன், உங்களையும் உங்கள் இல்லங்களையும், வேலை தேடி ஊர் விட்டு ஊர் போயிருக்கும் உங்கள் பிள்ளைகளையும் ஆசீர்வதித்துக் காப்பாராக. ஆமென்.